ஜம்ப் ஸ்டார்ட்டருடன் ஐந்து குளிர்காலம்

கார் பேட்டரி இறங்கிப்போனால் கிளிப் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க லித்தியம் பேட்டரிப் பெட்டிதான் ஜம்ப் ஸ்டார்ட்டர். அதை வாங்கி இது ஐந்தாவது குளிர்காலம். என் காரை மூன்று முறையும், பக்கத்தில் நின்ற இன்னொருவர் காரை ஒரு முறையும் ஸ்டார்ட் செய்ய உதவியிருக்கிறது. பொருள் நல்ல பொருள். முதல் வருடம் நான் அதை வைத்திருந்த இடம்தான் தப்பு.

அப்போது அது டிக்கியில் கிடந்தது. ஒரு காலை, மைனஸ் 20 டிகிரி. சாவியைத் திருகினால் 'டக் டக்' சத்தம் மட்டும். எடுக்கப் போனால், டிக்கி ஓரத்து ரப்பர் பனிக்கட்டியில் ஒட்டிப்போய்த் திறக்கவே இல்லை. பின்சீட்டை மடித்து இடுக்கு வழியாகக் கைவிட்டு இழுத்தேன். அதுவும் ஜில்லிட்டு, சார்ஜ் காட்டும் நான்கு விளக்கில் ஒன்றுதான் எரிந்தது. கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து அரை மணி நேரம் சூடேற்றிய பிறகே வண்டி கிளம்பியது.

மைனஸ் 18 டிகிரியில் கார் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆயில் கெட்டிப்படுவதால் எஞ்சினைச் சுழற்றவோ கூடுதல் மின்சாரம் வேண்டும். லித்தியமும் குளிரில் சோர்ந்துபோகும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் நிரந்தரமாகக் கெடும். அதனால் இப்போது இரவில் வீட்டுக்குள், பயணத்தில் என் பையில். டிக்கி, கதவு ரப்பர்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: முழுதாக இறங்கிப்போன பேட்டரி உறைந்துவிடக்கூடும். பக்கங்கள் உப்பியிருந்தால் ஜம்ப் செய்யவே கூடாது, வெடிக்கும். சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் மாட்டிவிட்டு, கறுப்பை பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கையுறையோடு ஒருமுறை பழகிப் பாருங்கள். விறைத்த விரலுக்கு அந்த ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி.

மண்வாரியும் முன்சீட்டுக்குப் பின்னால் வந்துவிட்டது. மூன்றாம் வருடம் பனிப்புயலில் நான்கு மணி நேரம் சாலையில் சிக்கினேன். எஞ்சினைப் போடுமுன் இறங்கிப் பார்த்தால், சைலன்சர் குழாய் பனிக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. அப்படியே ஓடவிட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருக்கும். அதற்கு மணம் கிடையாது, தெரியவே தெரியாது. சுற்றிலும் தோண்டிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டினேன், காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கி. ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிக் குழாயைப் பார்த்தேன். டேங்க் பாதிக்கு மேல் இருந்ததால் பயமில்லாமல் இருந்தது. கம்பளி, தண்ணீர், தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஹெட்லாம்புக்கு லித்தியம் செல் போடுங்கள், ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் மங்கும்.

ஜம்ப் ஸ்டார்ட்டரில் குறை என்றால் கேபிள் குட்டை. பேட்டரி ஆழத்தில் இருக்கும் கார்களில் பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிளிப்பின் ரப்பர் உறை நான்காம் வருடம் விரிசல் விட்டது, டேப் சுற்றியிருக்கிறேன். சும்மா வைத்தாலும் சார்ஜ் மெதுவாக இறங்குகிறது. மாதம் பிறந்ததும் வீட்டில் ஏற்றிவிடுகிறேன். கார் பேட்டரியையும் அன்றே மீட்டர் வைத்துப் பார்ப்பேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. போன மாதம் 12.3 காட்டியது. அன்று மாலையே சார்ஜரில் போட்டுவிட்டேன்.