கொல்லிமலை: 70 வளைவு, ஆயிரம் படி, ஒரு டம்ளர் சூப்

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இன்னொரு மலை என்று நினைத்துப் போகிறவர்கள்தான் கொல்லிமலையில் "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பி வந்து சொல்கிறார்கள். பத்து வருடம் முன்னால் நானும் அப்படிச் சொன்னவன்தான். போன மார்கழியில் மனைவி, மகள், மச்சான் என்று நாலு பேராக இரண்டு நாள் போய் வந்தோம். இந்த முறை வேறு மாதிரி பட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் சாலை. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாக வந்தால் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை உண்டு. மகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள், 23-ல் குரல் இறங்கியது, 31-ல் மச்சான் வண்டியை ஓரங்கட்டினார், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அடிவாரத்திலேயே வயிறு முட்ட இட்லி சாப்பிட்டது எங்கள் தப்பு. மலை ஓட்டிப் பழக்கமில்லை என்றால் பேருந்தில் போங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். நாங்கள் ரிவர்ஸ் எடுத்துத் திணறிய ஒரு வளைவை அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒரே வெட்டில் திருப்பிக்கொண்டு போனார், பார்க்கவே வெட்கமாக இருந்தது.

தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அறை சுத்தம், வெந்நீர் வந்தது, ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி, அதுவரைக்கும் சரி. ஆனால் மெனுவைப் பார்த்தால் கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ், பட்டர் நான். "சாமைச் சோறு கிடைக்குமா?" என்று கேட்டதற்கு அந்தத் தம்பி, "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கண்ணா" என்றார். ராத்திரி பதினோரு மணி வரை பக்கத்து அறைக் கூட்டம் ஸ்பீக்கர் வைத்துக் குத்துப்பாட்டு போட்டது, சொல்லியும் குறைக்கவில்லை. காட்டுக்கு வந்து அதைக் கேட்க வேண்டுமா? தங்கும் இடத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதற்கு மேல் மனசு வரவில்லை.

நல்ல சாப்பாடு எல்லாம் வெளியேதான் இருந்தது. சாலை ஓரக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள் முடவாட்டுக்கால் கிழங்கை. பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் ரோமம், அசப்பில் ஆட்டுக்கால் போலவே இருக்கும், ஆனால் சுத்த சைவம், பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. கடைக்கார அக்கா கத்தியால் அந்த ரோமத் தோலைச் சீவித் தள்ளினால் உள்ளே வெளிர்பச்சை. அதை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்க வைத்து டம்ளரில் ஊற்றித் தருகிறார். குளிருக்கு அந்தக் காரம் தொண்டையில் இறங்கும் சுகமே தனி. என் மனைவி தயங்கித் தயங்கி வாங்கினாள், "கறி இல்லம்மா, பயப்படாமக் குடிங்க" என்று அக்கா சிரித்தார், அடுத்த டம்ளரை இவளே கேட்டு வாங்கினாள். மூட்டுவலி பறந்துவிடும் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். எனக்கு அடுத்த நாள் படி ஏறியபோது அப்படி ஒன்றும் பறக்கவில்லை, ருசிக்காகக் குடியுங்கள்.

அந்தப் படி ஆகாய கங்கை அருவிக்குப் போகிற படி. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேல் இறங்க வேண்டும், இறங்கும்போது சிரித்துக்கொண்டே போவீர்கள், கணக்கு தீர்ப்பது ஏறும்போதுதான். அய்யாறு என்கிற ஆறுதான் சுமார் 300 அடி உயரத்தில் இருந்து அருவியாக விழுகிறது. அருவி கண்ணில் படும் முன்பே சாரல் முகத்தில் அடித்தது, கீழே நின்றபோது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் இந்தத் தண்ணீர், கோடையில் இப்படி எதிர்பார்க்காதீர்கள். பையைத் திறந்து பிஸ்கட் எடுத்தால் குரங்குக்குத்தான் போகும். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அதுவே போதுமான இடம்தான். அங்கே ஓடையில் மீனை யாரும் பிடிப்பதில்லை, வெட்டிக் குழம்பு வைத்த மீன் துண்டுகள் ஒன்றாகப் பொருந்தித் தண்ணீருக்குள் துள்ளிப் போன கதை ஒன்று உண்டு. மகள் ஒரு பாக்கெட் பொரியையும் அந்த மீன்களுக்கே போட்டு முடித்தாள்.

மலை மேல் இருக்கும் செம்மேடு என்ற ஊரில், அந்தக் காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரை மேல் சிலையாக நிற்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர் என்று சங்கப்பாட்டு சொல்லும் அதே ஓரி. ஆடிப்பெருக்கை ஒட்டி அவருக்கு விழா எடுப்பார்கள். படகு இல்லம், காட்சிமுனை எல்லாம் இருக்கின்றன, குழந்தைகளோடு போனால் பொழுது போகும்.

எனக்கு மனதில் நிற்பது இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு. கோயில் வழியில் சொல்லி வைத்தால் வீட்டில் சமைத்துத் தருவதாக ஒரு அம்மா சொன்னார். இந்த மலைக்காரர்களை மலையாளிகள் என்பார்கள், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரை, அவ்வளவுதான். சாமை பொலபொலவென்று இருந்தது, குழம்பை இழுத்துக்கொண்டது, மச்சான் மூன்றாம் முறை கேட்டபோது அந்த அம்மா பானையைக் கவிழ்த்தே காட்டிவிட்டார். "இப்ப எல்லாம் குச்சிக்கிழங்குதான் சாமி, சாமைய உரல்ல குத்தி எடுக்கறதுக்குள்ள கை போயிரும்" என்றார். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் அந்தக் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன, சாமையும் தினையும் மெல்ல ஒதுங்கிவிட்டன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததில் குத்துகிற வேலை கொஞ்சம் குறைந்தது. நாங்கள் தங்கிய இடத்து மெனுவில் சாமைக்கு ஒரு வரி ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாங்குவது என்றால் மிளகு, காப்பி, அன்னாசி, பருவம் இருந்தால் பலா. பாட்டிலில் தேன் என்று நீட்டுவதைத் தெரிந்தவர் இல்லாமல் வாங்காதீர்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள்.

நாங்கள் முடவாட்டுக்கால் அரைக் கிலோ வாங்கி வந்தோம். தோல் சீவ எனக்குப் பொறுமை இல்லை, மனைவிக்குத் தைரியம் இல்லை, சமையல் மேடையில் ஓரமாகக் கிடக்கிறது. நேற்று வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கால இப்படியா வெளியில போட்டு வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.