பழைய காரில் கிளட்ச் உதறல்: மவுண்டா, பிளேட்டா, ஃப்ளைவீலா?

முதல் கியரில் பெடலை மெல்ல விடும்போது, கார் நகரத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடி மொத்த வண்டியும் உதறுகிறது. பெடலை முழுதாக விட்டதும் சீராக ஓடுகிறது. ஹாஃப் கிளட்சில் (பெடலைப் பாதி விட்ட நிலையில்) எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கிளட்ச் பிளேட் ஒரே சீராக வழுக்கிப் பிடிக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வருவதால்தான் இந்த உதறல். வழக்கமாகக் கிடைக்கும் பதில் "பிளேட் மாத்திடுங்க" என்பதுதான். உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன. கியர்பாக்ஸைத் தொடாமல் வெளியிலேயே தேடலாம், இறக்கிப் பிளேட்டை மட்டும் மாற்றலாம், இறக்கியதோடு ஃப்ளைவீல் (பிளேட் உரசிப் பிடிக்கும் எஞ்சின் பக்கச் சக்கரம்) முதல் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) வரை முழுதாகப் பார்த்துவிடலாம். நடுவில் இருப்பது மலிவாகத் தெரியும். மூன்றிலும் மோசமானது அதுதான்.

வெளியிலேயே தேடுவது

எந்த முடிவுக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். முதலில் எஞ்சின் ஐடிலில் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். இக்னிஷன் பாயின்ட் (தீப்பொறியை இயக்கும் தொடுமுனை) இடைவெளி தவறியிருந்தாலோ, கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தாலோ, குறைந்த ஆர்.பி.எம்.மில் எஞ்சின் தடுமாறும். அது கிளட்ச் உதறலைப் போலவே இருக்கும்.

அடுத்து மவுண்ட், அதாவது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும், தகட்டோடு ஒட்டிய ரப்பர். சமதரையில் கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை மட்டும் பெடலை விடட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனிக்கட்டும் (காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது). பிறகு ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள். ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சாயும். சும்மா இருக்கும்போது முழுதாகத் தெரியும் ரப்பர், எஞ்சின் இழுக்கும்போது தகட்டிலிருந்து பிரிந்து வாயைத் திறக்கும். எண்ணெய் ஊறி உப்பிய ரப்பர் கிழியாமலே தளர்ந்துபோயிருக்கும். அதையும் மாற்ற வேண்டும்.

கார் மாடலைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமும் மாறும். பழைய மினியில் எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெடி பாரின் புஷ்கள் தேய்ந்தாலே கார் உதறும். பழைய பீட்டிலில் கிளட்ச் கேபிள் போகும் வளையும் குழாயில் 25 முதல் 45 மி.மீ. வரை தொய்வு இருக்க வேண்டும். தொய்வு குறைந்தால் உதறல் வரும். குழாயின் முனையில் வாஷர் சேர்த்தால் சரியாகும். பின்சக்கர டிரைவ் கார்களில் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட், பின்னாலுள்ள பட்டை ஸ்பிரிங்கின் யு-போல்ட் இரண்டையும் ஆட்டிப் பாருங்கள்.

வெளியிலா உள்ளேயா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் எஞ்சினின் முறுக்குவிசை மிக அதிகமாகப் பெருகுவதால், மவுண்ட் கோளாறு அங்கேதான் பெரிதாகத் தெரியும். கார் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் ஹாஃப் கிளட்ச் விட்டாலும் உதறினால், பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கிறது. காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறி நின்றால், ஃப்ளைவீலில் ஈரத்தால் ஏறிய மெல்லிய துருவாக இருக்கலாம். அதற்கு எதையும் கழற்ற வேண்டாம். நேர்மாறாக, சூடேறச் சூடேற மோசமானால் ஃப்ளைவீலையோ எண்ணெய்க் கசிவையோ சந்தேகியுங்கள். பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடித்துளையில் எண்ணெய் இருந்தால் விரலில் தொட்டு முகருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் இருக்கும். எஞ்சின் ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கும். எந்த சீலை வாங்குவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பிளேட் மட்டும் மாற்றுவது

கியர்பாக்ஸை இறக்கும் உழைப்பு முழுதும் செலவாகிறது, உதறலுக்கான காரணம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கிறது. பிளேட் தேய்ந்தால் வருவது பொதுவாக வழுக்கல். உதறல் வருவது எண்ணெய் பட்ட ஃபேசிங் (பிளேட்டின் உரசும் பரப்பு), கண்ணாடிபோல் பளபளத்த ஃபேசிங், வளைந்த பிளேட், சமமாக அழுத்தாத பிரஷர் பிளேட் (பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பாகம்) ஆகியவற்றால். கசியும் சீலை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டால் அதுவும் நனையும். எண்ணெய் ஊறிய ஃபேசிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவதும் வீண் வேலை. சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி கசிந்து வரும்.

முழுதாகப் பார்ப்பது

கழற்றியதும் துடைக்காதீர்கள். முதலில் தடயத்தைப் படியுங்கள். ஃபேசிங்கின் கியர்பாக்ஸ் பக்கம் நடுவிலிருந்து வெளியே எண்ணெய்க் கோடுகள் ஓடினால் இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீல். ஃப்ளைவீலின் முதுகு நனைந்திருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) பின் சீல். ஒரு பாதி வட்டம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் பிரஷர் பிளேட் சமமாக அழுத்தவில்லை. அது ஃப்ளைவீலோடு சேரும் முகத்தில் அழுக்கோ பிசிறோ இருக்கலாம். பழைய ஃபேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஃப்ளைவீலைக் கழற்றுவதற்கு முன் டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள். கையேட்டின் அளவே இறுதி. பல கார்களுக்கு முகத்தின் ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நீலக் கறைகள் தெரிந்தால் அங்கே இரும்பு சூடேறி இறுகியிருக்கிறது. அதன்மேல் அரத்தை ஓட்டினால் கடிக்காமல் வழுக்கும். இந்த இடத்தில் லேத்தா கிரைண்டிங்கா என்ற கேள்வி வரும். லேத் டூல் இறுகிய புள்ளியின் மேல் ஏறி இறங்கிவிடும், மேடு அப்படியே நிற்கும். கிரைண்டிங் கல் சமமாக வெட்டும். ஆனால் இறுகல் ஆழமாகப் போயிருந்தால் சுற்றியுள்ள இரும்பு முன்னதாகத் தேய்ந்து அந்தப் புள்ளி மறுபடி மேடாகும், உதறலும் திரும்பும். கிரைண்ட் செய்த பிறகும் கறை தெரிந்தால் ஃப்ளைவீலை மாற்றுவதே சரி. படி வைத்த ஃப்ளைவீலில் (பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட் மாட்டும் முகமும் வேறு உயரத்தில் இருப்பது) இரண்டு முகத்தையும் ஒரே அளவு எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் மாறிவிடும்.

பிளேட் தேர்வில் குழப்பமே வேண்டாம்: பழைய கார் அன்றாட ஓட்டத்துக்கு ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த) ஃபேசிங்தான். சின்டர்ட் (உலோகத்தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த) பேட் வைத்த பிளேட் அதிக சக்தியைத் தாங்கும், ஆனால் சடக்கென்று கடிக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் உதறும்.

மாட்டும்போதுதான் புது உதறல் பிறக்கிறது. இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் நுண்துளைகளுள்ள வெண்கலம் என்றால் கிரீஸ் பூசாமல் ஓர் இரவு எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். ஸ்ப்லைனில் (பிளேட் மாட்டும் தண்டின் பல்வரிகள்) கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். மிஞ்சியது சுழலும்போது ஃபேசிங்கில்தான் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஒரு நொடிகூடப் பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது. ஜாக் வைத்து நேராகத் தள்ளுங்கள்; தொங்கினால் பிளேட் வளைந்துவிடும், முதல் ஓட்டத்திலேயே கார் உதறும்.

புது பிளேட் படிய ஏறத்தாழ 500 கி.மீ. ஆகும், அதுவரை லேசான உதறல் இருக்கலாம். அந்த நாட்களில் மேட்டில் காரை ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்தாதீர்கள். ஃபேசிங் படிவதற்குள் பளபளத்துவிடும்.