பேஸ்பால் சாவன்ட்: யாரை வாங்கலாம் என்று வாதாடும் ரசிகனுக்கு எவ்வளவு உதவும்?

சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் முடிந்த மறுநாளே பேஸ்பால் ரசிகர்களின் அடுத்த சீசன் தொடங்கிவிடும். யார் யாருடைய ஒப்பந்தம் முடிந்தது, நம்ம அணி யாருக்கு வலை வீச வேண்டும், எத்தனை வருடம் கொடுக்கலாம் என்று பிப்ரவரி வரைக்கும் ஓயாத வாக்குவாதம். டாலஸ் பக்கம் இருக்கும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ரசிகன் நான், எந்தக் குளிர்காலத்திலும் இந்த வாதத்தில் இல்லாமல் இருந்ததில்லை. அதற்கு நான் முதலில் திறப்பது பேஸ்பால் சாவன்ட் என்ற தளம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பான எம்எல்பியே நடத்துகிறது, முழுக்க இலவசம், பெயர் பதியக்கூட வேண்டாம். தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீரர் இன்றைக்கு உண்மையில் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவருக்குப் பணம் கொடுக்கலாமா என்பதை இதை மட்டும் வைத்து முடிவு செய்தால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே சுத்தியல் தட்டி விற்கும் வழக்கம் இல்லை. மேஜர் லீகில் ஆறு வருட சர்வீஸ் முடித்து, கையில் ஒப்பந்தம் இல்லாத வீரர்தான் ஃப்ரீ ஏஜென்ட். 30 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரிடம் பேசலாம், எங்கே கையெழுத்துப் போடுவது என்பது அவர் இஷ்டம். 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகிய இரண்டு பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) வழக்கில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் கொடுத்த தீர்ப்பால் வந்த உரிமை இது. அதற்கு முன்னால் அணியாக விட்டால்தான் உண்டு, இல்லையென்றால் காலம் முழுக்க அங்கேயேதான். இதில் ரசிகன் கவனிக்க வேண்டியது அந்த ஆறு வருடக் கணக்கை. அதை முடித்துவிட்டு வெளியே வரும்போது பெரும்பாலான வீரர்களுக்கு முப்பதை ஒட்டிய வயது ஆகியிருக்கும். அதாவது நாம் பணம் கொடுப்பது அவர் ஏற்கெனவே அடித்த ஹோம் ரன்களுக்கு (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, சுவரைத் தாண்டும் அடி) இல்லை, 31, 33, 35 வயதில் அடிக்கப்போவதற்கு. போன வருட பேட்டிங் சராசரியைக் காட்டி வாதாடுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சாவன்ட் உதவிக்கு வருவதும் இதே இடத்தில்தான். 2015 முதல் 30 மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு இருக்கிறது. 2020ல் அது ஹாக்-ஐ கேமராக்களுக்கு மாறியது. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ ரிவ்யூவில் பந்து ஸ்டம்பில் படுமா என்று காட்டுகிறதே, அதே ஹாக்-ஐதான். பந்து மட்டையிலிருந்து எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது, பிட்சர் விரலை விட்டு எத்தனை சுழற்சியோடு போனது, ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று எல்லாமே பதிவாகும். 2024லிருந்து மட்டை சுழலும் வேகத்தையும் போடுகிறார்கள்.

வீரரின் பெயரைத் தட்டியதும் மேலே வரிசையாகக் கோடுகள் வரும். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சின்ன வட்டம், அதற்குள் 1 முதல் 100 வரை ஓர் எண். லீக்கில் எத்தனை சதவீதம் பேரை விட இவர் மேல் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வட்டம் வலப்பக்கம் போகப் போகச் சிவப்பு, இடப்பக்கம் வந்தால் நீலம். புதிதாகப் பார்ப்பவர்கள் சிவப்பு என்றால் ஆபத்து என்று நினைத்துவிடுவார்கள், இங்கே சிவப்புதான் நல்லது. பேட்டருக்கு அடியின் வேகம், மணிக்கு 95 மைல் வேகத்துக்கு மேல் அடித்த பந்துகளின் சதவீதம், மோசமான பந்தைத் துரத்தும் பழக்கம், ஓட்ட வேகம் என்று போகும். பிட்சருக்குப் பந்து வேகம், பேட்டரை எத்தனை தடவை காற்றில் வீச வைத்தார் என்ற கணக்கு. முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு வீரரைப் பற்றி ஒரு பிடி கிடைத்துவிடும்.

இதன் பலத்துக்கு என்னைப் பொறுத்தவரை கோடி பெலிஞ்சரை விட நல்ல சாட்சி இல்லை. 2023ல் சிகாகோ கப்ஸுக்காக .307 சராசரி (அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 307 ஹிட் என்ற கணக்கு), 26 ஹோம் ரன். பேப்பரில் பார்த்தால் அந்தக் குளிர்காலத்தின் பெரிய பேட்டர்களில் ஒருவர், 20 கோடி டாலருக்கு மேல் போவார் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் சாவன்ட் பக்கத்தைத் திறந்தால் அடியின் வேகத்தில் எல்லாம் நீலம். 95 மைலைத் தாண்டிய அடிகள் 31 சதவீதத்தை ஒட்டித்தான், லீக்கின் பொதுவான அளவை விட நன்றாகவே கீழே. இவ்வளவு மெதுவாக அடித்து இவ்வளவு ரன் எடுத்தது அடுத்த வருடமும் நடக்குமா என்று அணிகள் தயங்கின. கடைசியில் 2024 பிப்ரவரியில் அதே கப்ஸிடம் 3 வருடம், 8 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் .266, 18 ஹோம் ரன். தளம் சொன்னது பலித்தது.

கதை அதோடு முடியவில்லை. கப்ஸ் அவரை யாங்கீஸுக்கு மாற்றினார்கள், 2025ல் 29 ஹோம் ரன் அடித்தார். யாங்கி ஸ்டேடியத்தில் வலது மூலைச் சுவர் 314 அடியில்தான் இருக்கிறது, பெலிஞ்சர் இடது கைக்காரர், அந்தப் பக்கம் தூக்கி அடிப்பவர். இதையும் சாவன்ட்டிலேயே முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். ஹோம் ரன் பட்டியலில் ஒருவர் அடித்த பந்துகளில் எத்தனை எந்தெந்த மைதானத்தில் சுவரைத் தாண்டியிருக்கும் என்று 30 மைதானங்களுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. இந்தத் தளத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். யாரையாவது வாங்கு வாங்கு என்று கத்துவதற்கு முன்னால், அவர் பந்துகள் நம்ம ஆர்லிங்டன் மைதானத்தில் எத்தனை வெளியே போயிருக்கும் என்று பார்த்துவிட்டுக் கத்தினால் பாதி வாதம் தானாகவே அடங்கிவிடும். ஆனாலும் கலர் கோடுகளைப் பகிர்கிற ஆட்களில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை.

அதே கலர் கோடுகளின் பெரிய ஓட்டையையும் சொல்ல வேண்டும். எதிர்பார்ப்புக் கணக்கு என்று தளம் காட்டுகிறதே, அதாவது இந்த மாதிரி அடிகளுக்கு வழக்கமாக என்ன பலன் கிடைக்கும் என்ற கணக்கு, அதில் பந்தின் வேகமும் கோணமும் சேரும், எந்தத் திசையில் போனது என்பது சேராது. சென்டர் ஃபீல்டில் 400 அடி அடித்தால் கேட்ச், அதையே மூலைப் பக்கம் 340 அடி அடித்தால் பல மைதானங்களில் ஹோம் ரன். அந்த வித்தையில் கைதேர்ந்தவர் எங்கள் மார்கஸ் செமியன். அடியின் வேகத்தில் அவர் எப்போதும் நடுத்தரம்தான். ஆனால் பந்தை இழுத்து, தூக்கி, இடது மூலைப் பக்கம் போட்டே 2021ல் 45 ஹோம் ரன் அடித்தார், செகண்ட் பேஸ்மேன் ஒருவர் ஒரு சீசனில் அடித்ததில் அதுதான் சாதனை. அந்தக் குளிர்காலம் ரேஞ்சர்ஸ் 7 வருடம், 17.5 கோடி டாலர் கொடுத்தபோது, நீலக் கோடுகளைக் காட்டி அது வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. 2023ல் அவர் 162 ஆட்டமும் ஆடி, 29 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீகில் அதிக ரன் எடுத்தவரானார். அந்த வருடம்தான் நாங்கள் முதல் தடவையாகக் கோப்பையை வென்றோம். பின்னால் வயது ஏற ஏற அவர் பேட்டிங் இறங்கியது உண்மை, 2025 நவம்பரில் மெட்ஸுக்கு மாற்றியும் விட்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தைத் தப்பு என்று என் எதிரில் யாரும் சொல்ல விடமாட்டேன்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஜாக் பீடர்சன். 2024ல் அரிசோனாவுக்காக .275, 23 ஹோம் ரன், பேட்டிங் கோடுகளில் பெரும்பாலும் சிவப்பு. இந்தத் தடவை தளத்துக்கும் சாதாரண எண்களுக்கும் சண்டையே இல்லை, இரண்டும் வாங்கு என்றன. எங்கள் கோஷ்டியில் ஒரு தம்பி, “அண்ணா, பக்கம் பூரா செவப்பு, இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டான், எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ரேஞ்சர்ஸ் 2 வருடம், 3.7 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025ல் அடித்தது .181, நடுவில் கையில் பந்து பட்டு எலும்பு முறிவு. இதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது, ஒரு சீசனின் சிவப்பு அடுத்த சீசனுக்கு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் நான் மேலே இருக்கும் வட்டங்களோடு நிற்பதில்லை. கொஞ்சம் கீழே போனால் வருட வாரியாக அட்டவணை இருக்கிறது. ஓட்ட வேகம் மூன்று வருடமாகத் தொடர்ந்து இறங்குகிறதா, ஃபாஸ்ட்பால் ஒரு மைல் குறைந்திருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். முப்பதைத் தாண்டியவருக்கு ஐந்து வருடம் கொடுக்கச் சொல்லி வாதாடுபவர் அதைப் பார்க்காமல் பேசவே கூடாது.

உடம்பைப் பற்றி சாவன்ட் ஒரு வார்த்தை சொல்லாது. என் கணக்கில் ஃப்ரீ ஏஜென்ட் விஷயத்தில் பாதி வெற்றி தோல்வி உடம்பில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் ரேஞ்சர்ஸ் ஒரே மாதத்தில் இரண்டு பிட்சர்களை எடுத்தார்கள். ஜேக்கப் டிகிராம், 5 வருடம், 18.5 கோடி. நேதன் இவால்டி, 2 வருடம், 3.4 கோடி. பந்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கவே முடியாது, 99 மைலை ஒட்டிய ஃபாஸ்ட்பால், 90ஐத் தாண்டும் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) என்று டிகிராம் வேறு கிரகம். ஆனால் முந்தைய சீசனில் அவர் ஆடியது 11 ஆட்டம், அதற்கு முந்தைய சீசனில் 15. 2023ல் எங்களுக்காக ஆறே ஆட்டம் ஆடிவிட்டு முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார். இவால்டி அந்த ப்ளே-ஆஃபில் 5 வெற்றி, ஒரு தோல்வி கிடையாது, கோப்பையைத் தூக்கிய ஆட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான். டிகிராமும் 2025ல் 30 ஆட்டம் ஆடி 2.97 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) எடுத்தார், அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் இரண்டு சீசன் கைவிட்டுப் போயிருந்தது. இவால்டியை 2024 டிசம்பரில் 3 வருடம், 7.5 கோடிக்குத் திரும்ப எடுத்தார்கள். 2025ல் 1.73 ஈஆர்ஏ, நம்பவே முடியாத சீசன், ஆனால் தோள்பட்டைக் காயத்தால் 130 இன்னிங்ஸோடு நின்றுபோனார்.

இதற்கெல்லாம் உச்சம் கார்லோஸ் கொரேயா. டிகிராமை எடுத்த அதே 2022 குளிர்காலத்தில் ஜயன்ட்ஸ் 13 வருடம், 35 கோடி என்றார்கள், மருத்துவப் பரிசோதனையில் கணுக்கால் பிரச்சினை என்று நின்றது. மெட்ஸ் 12 வருடம், 31.5 கோடி என்றார்கள், அதுவும் அதே காலில் போய் முட்டியது. முடிவில் மினசோட்டா ட்வின்ஸ் 6 வருடம், 20 கோடிக்கு எடுத்தார்கள். அந்த சில வாரங்களில் அவருடைய சாவன்ட் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. ரசிகனுக்கு எக்ஸ்-ரே காட்ட யாராலும் முடியாது, சரி. ஆனால் எந்த வருடம் எத்தனை நாள் காயப் பட்டியலில் இருந்தார் என்ற ஒரு வரி அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் எத்தனையோ உபயோகமாக இருக்கும்.

பணமும் இதில் கிடையாது. யாருக்கு எவ்வளவு சம்பளம், அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரி வரம்பு எங்கே நிற்கிறது (2025ல் 24.1 கோடி டாலர்), அணியின் ஒரு வருட ஆஃபரை மறுத்துவிட்டு வந்தவரை எடுத்தால் புது வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் என்ன இழப்போம், எதற்கும் இங்கே பதில் இல்லை. டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓட்டானியின் 70 கோடி ஒப்பந்தத்தில் 68 கோடி பின்னால் தரப்படுவது தெரியாமல் அந்த அணி எப்படி மற்றவர்களையும் வாங்குகிறார்கள் என்று பேசவே முடியாது. அதற்கு ஸ்பாட்ராக், எம்எல்பி டிரேட் ரூமர்ஸ் இரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எம்எல்பி டிரேட் ரூமர்ஸ் ஒவ்வொரு நவம்பரிலும் முதல் 50 ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்கு மதிப்பிட்ட தொகையோடு பட்டியல் போடும், அதைப் படிக்காமல் வாதத்துக்கு வருவது வெறுங்கையோடு வருவதுதான்.

தளத்தைக் கையாள்வது பற்றி. வீரர் பக்கம் போனிலும் சுமாராகத் தெரியும், ஆனால் தேடல் பக்கம் பெரிய திரைக்கென்றே செய்தது. அத்தனை பெட்டிகள், அத்தனை தேர்வுகள், முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். பழகிவிட்டால் அந்த அளவுக்கு இலவசமாக வேறு எதுவும் தருவதில்லை. இடது கைப் பிட்சருக்கு எதிராக, இரண்டு ஸ்ட்ரைக்கில், ஸ்லைடரை இவர் எப்படி ஆடினார் என்று கேட்டால் பட்டியல் வரும், பல பந்துகளுக்கு வீடியோவும் வரும். அந்த வீடியோவைக் கட்டாயம் பாருங்கள். குறிப்பாக ஃபீல்டிங்கில் மைனஸில் இருப்பவர் எதனால் மைனஸ் என்று, பந்தைத் தாமதமாகப் படிக்கிறாரா, கால் போகவில்லையா, எறிகிற கை பலவீனமா என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். கால் போகாதவரை லெஃப்ட் ஃபீல்டிலோ ஃபர்ஸ்ட் பேஸிலோ வைத்து ஆட வைக்கலாம், பந்தைப் படிக்கத் தெரியாதவரை எங்கே வைத்தாலும் கஷ்டம்தான்.