ஹார்ட் லிங்க் வந்துவிட்டது. பழைய நகலை அழிப்பதுதான் பாடு

இரண்டு வருடமாக நாங்கள் ஓட்டிவரும் கிளஸ்டர் கோப்பு அமைப்பில் (பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வட்டு போலத் தெரிவது; பெயர் வேண்டாம், திட்டிவிட்டு விளம்பரமும் கொடுப்பானேன்) ஒருவழியாக ஹார்ட் லிங்க், அதாவது ஒரே கோப்புக்கு ஒன்றுக்கு மேல் பெயர் போடும் வசதி, வந்துவிட்டது. மூன்று வாரம் போட்டுப் பார்த்தாயிற்று.

எனக்கு இது தேவைப்பட்டது பேக்கப்புக்கு. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலில் லிங்க்-டெஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. மாறாத கோப்பை மறுபடி நகலெடுக்காமல், நேற்றைய நகலுக்கே இன்னொரு பெயர் போட்டுவிடும். பழைய ஒற்றை வட்டில் முப்பது நாள் நகலும் ஒன்றேகால் நகலின் இடத்தில் அடங்கிக் கிடந்தன. கிளஸ்டருக்கு மாற்றினோம். அதில் அப்போது ஹார்ட் லிங்க் இல்லை. லிங்க் போட முடியாவிட்டால் ஆர்சிங்க் நிற்பதில்லை, முழு நகலாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஐந்தாம் நாள் காலை, எவ்வளவு இடம் நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 97% காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

இத்தனை நாள் தராமல் இருந்ததற்கு இந்தக் கோப்பு அமைப்பை உருவாக்குபவர்கள் சொன்ன காரணமும் சும்மா இல்லை. இதில் ஐநோடு (கோப்பின் அளவு, உரிமையாளர் போன்ற விவரங்களின் பதிவு), கோப்பின் பெயரோடு சேர்ந்து டைரக்டரி பதிவுக்குள்ளேயே கிடக்கும். ஒரு தடவை படித்தால் எல்லாம் கையில். இரண்டாவது பெயர் வேறு டைரக்டரியில், வேறு மெட்டாடேட்டா சர்வரில் (பெயர்களையும் ஐநோடுகளையும் பார்த்துக்கொள்ளும் சர்வர்) இருந்தால் ஐநோடு யார் வீட்டில் இருப்பது? மற்றக் கோப்பு அமைப்புகளைப் பார்த்தால், எச்டிஎஃப்எஸ் ஹார்ட் லிங்க்கே தருவதில்லை. ஏஎஃப்எஸ்ஸில் அனுமதிப் பட்டியல் டைரக்டரிக்குத்தான் என்பதால், ஒரே டைரக்டரிக்குள் மட்டும்தான் லிங்க் போடலாம். செஃப் எஃப்எஸ் முதல் பெயரோடு ஐநோடை வைத்துவிட்டு, மற்றப் பெயர்களில் அதன் எண்ணை மட்டும் எழுதுகிறது. இவர்களும் அதே வழிக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, உடைகிறதா பார்ப்போம் என்று, லிங்க் போட்டுக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டு மெட்டாடேட்டா சர்வரைக் கொன்றேன். திரும்ப எழுந்ததும், கோப்பின் விவரம் காட்டும் ஸ்டாட் கட்டளை ஒரு கோப்புக்கு 3 லிங்க் என்றது. தேடினால் பெயர் இரண்டுதான். லிங்க் எண்ணிக்கையை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் பெயரை எழுதுகிறார்கள் என்று புரிந்தது. இது நல்ல வரிசை. எண்ணிக்கை கூடிப்போனால் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான். குறைந்துபோனால், பெயர் இருக்கும்போதே தரவு அழிந்துவிடும். இரவு ஸ்க்ரப் (பிழை தேடித் திருத்தும் சோதனை) ஓடியதும் 2 ஆகிவிட்டது.

எரிச்சல் அழிக்கும்போது வந்தது. தினசரி பேக்கப்பில் முதல் பெயர் எப்போதும் ஆகப் பழைய நாளின் டைரக்டரியில்தானே இருக்கும்? அதை அழித்தால் மாறாத ஒவ்வொரு கோப்பின் ஐநோடும் அடுத்த நாளின் டைரக்டரிக்குக் குடிபெயர வேண்டும். இரண்டு லட்சம் கோப்பு. முன்பு ஆறு நிமிடத்தில் முடிந்த ஆர்எம் (அழிக்கும் கட்டளை) இப்போது நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கூட இழுக்கிறது.

கோட்டாவும் (ஒவ்வொரு குழுவுக்கும் உள்ள இட வரம்பு) ஐநோடு பின்னாலேயே போகிறது. ஒரு குழு தன் பெயரை அழித்ததும், அதே கோப்புகளுக்கு லிங்க் வைத்திருந்த இன்னொரு குழுவின் கணக்கில் 300 ஜிபி ஏறிவிட்டது. அவர்கள் அன்று ஒரு பைட் கூட எழுதவில்லை. டிக்கெட் போட்டேன். வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில் வந்தது.

இருந்தாலும் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், இடம் மிச்சமானது அவ்வளவு. கோட்டாவை இரண்டு குழுவுக்கும் பொதுவான மேல் டைரக்டரிக்கு ஏற்றிவிட்டேன். பழைய நாள்களை ஞாயிறு அதிகாலையில் மட்டும் அழிக்கிறேன்.