பாசிப் பாரில் பாஸ்: ரப்பரா, டாப்வாட்டரா, மினோவா?

பாஸ் என்றதும் நம்மூர்க் கொடுவாவை நினைத்துவிட வேண்டாம். மீன் கடையில் அதையும் ‘சீ பாஸ்’ என்று எழுதி வைப்பதால் வரும் குழப்பம் இது. நான் சொல்வது ஐரோப்பியக் கடல் பாஸ். இங்கிலாந்தின் தென்கரை, வேல்ஸ், அயர்லாந்துப் பக்கம் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வரை கரையை ஒட்டியே மேயும். முழங்கால் ஆழத்துக்குக்கூட வந்துவிடும். பாசிக்குள் தோல் உரிக்கிற நண்டு, இறால், பொடிப் பாறைமீன் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. மீன் அங்கேதான் வரும். நம் தூண்டில் முள்ளும் அங்கேதான் மாட்டும்.

அதனால் ‘பாஸ் எந்த லூரை, அதாவது எந்தச் செயற்கை இரையை, விரும்பும்?’ என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. எந்த லூர் பாசியை அள்ளாமல் மீன் நிற்கிற இடத்தைக் கடந்து வரும் என்பதே என் கேள்வி. பசித்த பாஸ் பெரும்பாலும் எதையும் கடிக்கும்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டின் கிம்மரிஜ் கரையை வைத்துப் பேசலாம். தட்டையான கல் திட்டுகள் படிப்படியாகக் கடலுக்குள் நீளும். மேலெல்லாம் பழுப்புப் பாசி, இடையிடையே ஓடைபோல் பிளவுகள். இப்படிப்பட்ட பாறைத் திட்டுதான் பாசிப் பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர்தான் வித்தியாசம். வேல்ஸுக்குத் தெற்கே பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதியின் உட்புறத்தில் அது 12 மீட்டரைத் தாண்டும். ஆனாலும் அந்த 2 மீட்டர் லூர்ப் பெட்டியையே தலைகீழாக்கிவிடும். காற்றுக் குமிழ் உள்ள பாசி, தண்ணீர் ஏறினால் நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேலே வெறும் நீர் கிடைக்கும். வற்றினால் அதே பாசி மேல்மட்டத்தில் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும்.

முதலில் என் கட்சி: ஈயமே இல்லாத ரப்பர். 5 அல்லது 6 அங்குலக் குச்சிப்புழு, அகல வளைவுள்ள ஒற்றை முள். முள்ளின் கூர் ரப்பரின் முதுகுக்குள்ளேயே புதைந்திருக்கும். மொத்தம் 15 கிராமுக்குள். ஏரியில் விராலுக்கு ரப்பர் தவளை போட்டவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. முள் ஒளிந்திருப்பதால் தாமரை இலைமேல் தவளை தாவி வருவதுபோல, இதுவும் பாசிமேல் வழுக்கிக்கொண்டு வந்து பிளவுக்குள் விழும். விழும்போதுதான் கடி. ஈயம் இல்லாததால் உயிர்போன குஞ்சு மீன்போல மெல்ல அமிழும். இழுத்து, நிறுத்தி, கயிறு தொய்ய விட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த நிறுத்தம் புதிதாக வருபவர்களுக்குச் சுலபத்தில் கைவராது. எனக்கும் முதல் வருடம் முழுக்க வரவில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. எதிர்க்காற்றில் இது பறக்காது. காற்றில்லாத மாலையில் 30, 40 மீட்டர் போகும். தென்மேற்குக் காற்று முகத்தில் அடித்தால் இருபதே அதிகம். பக்கக் காற்று பின்னல் கயிற்றை வில்லாக வளைத்து லூரை மேலே தூக்கிவிடும். அடுத்தது, கூர் ரப்பருக்குள் இருப்பதால் ‘டொக்’ என்றதும் வெட்டி இழுத்தால் வெறும் ரப்பர்தான் கைக்கு வரும். கம்பின் நுனியில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். போதாக்குறைக்குப் பாறையில் வாழும் ராஸ் என்ற பல்லன் வாலைக் கடித்து நசுக்கிவிடும். பை விலை அதிகமில்லை என்றாலும், அறுந்து கடலில் கிடக்கும் ரப்பர் மக்காது என்பது மனதை உறுத்தும்.

எதிர்க்கட்சி டாப்வாட்டர். பிளாஸ்டிக் மீன், நீர்மேல் மூக்கை இடம் வலம் என்று ஆட்டி நடக்கும் வகை. 11, 12 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும், நன்றாக 60 மீட்டர் போகும். காற்று நாளில் இது ஒன்றே அதற்குப் பெரிய பலம். தண்ணீர் ஏறிப் பாசிக்கு மேல் ஒரு முழம் நீர் நின்றால், தரையில் என்ன முளைத்திருக்கிறது என்ற கவலையே இல்லை. பாஸ் அதை அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வேடிக்கைக்காகவே வேறு எதையும் தொடாத ஆட்கள் உண்டு. தண்ணீர் சிதறியதும் பதறி இழுக்காதீர்கள். பாதி நேரம் மீன் வாலால் அடித்துத்தான் பார்க்கும். விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் திரும்பி வரும்.

ஆனால் மேலே மிதக்கிறதே, பாசி மாட்டாது என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். வயிற்றில் தொங்கும் மூமுனை முள் நீருக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். புயலுக்குப் பிறகு அறுந்து மிதக்கும் பாசி ஒரு துணுக்கு போதும், நடை கெட்டுவிடும். வற்று நேரத்தில் பாய் விரித்த பாசிமேல் இதை எறிவது வீண். மூமுனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மீனைத் திரும்ப விடும்போது நம் விரலும் தப்பும்.

மூன்றாவது, ஆழம் குறைவாக நீந்தும் மினோ. விலையும் இதற்குத்தான் அதிகம், ஒன்றே 15, 20 பவுண்ட். தாடையில் உள்ள சிறு தகடு அதை 20, 30 சென்டிமீட்டர் கீழே இறக்கும், சும்மா சுற்றினாலே நீந்தும். சுத்தமான மணல் கரையில் நான் முதலில் எடுப்பது இதைத்தான். பாசிப் பாரில் கடைசியாகத்தான் எடுப்பேன். தண்ணீர் முழுதாக ஏறிய அரைமணி நேரம், அதுவும் மிதக்கும் பாசி இல்லாத நாளில் மட்டும் வேலை செய்யும். மற்ற நேரத்தில் கரைக்கு வருவது ஒரு கட்டுக் கீரைதான்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால் வெள்ளை, தெளிந்த பகலில் பச்சை பழுப்பு என்பதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

ஆக என் வழக்கம் இதுதான். வற்று முடிந்து ஏற்றம் தொடங்கும்போது ரப்பரோடு திட்டின் விளிம்பில் நிற்பேன். பிளவுகளில் நீர் புகும் முதல் இரண்டு மணி நேரம் அதுதான். பாசித்தலை மூழ்கியதும், அல்லது காற்று கிளம்பியதும், டாப்வாட்டர். புயலுக்கு மறுநாள் நீர் முழுக்கப் பாசிக்கூழாக இருந்தால் எந்த லூரும் வேண்டாம், வீட்டில் இருக்கலாம். ஒரே ஒரு லூர்தான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் ரப்பர். மற்ற இரண்டும் திணறும் இடத்திலேயே அது பிழைத்துக்கொள்கிறது.

கம்பு 5 முதல் 21 கிராம் வரை எறியும் மெல்லிய வகையாக இருக்கட்டும். 28 கிராம்வரை தாங்கும் கம்பு டாப்வாட்டருக்குச் சுகம், ஆனால் ஈயமில்லா ரப்பரின் கனம் அதில் கைக்குத் தெரியாது. பின்னல் கயிற்றின் முனையில் 15 முதல் 20 பவுண்ட் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு மீட்டருக்குக் குறையாமல். பாறை உரசி அறுப்பது அந்த இடத்தில்தான்.

பாஸ் மெதுவாக வளரும் மீன். 42 சென்டிமீட்டர் எட்டவே ஆறேழு வருடம் ஆகலாம், பெண்மீன் முதல்முறை முட்டையிடும் அளவும் ஏறக்குறைய அதுதான். 2015-இல் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் குறைந்தபட்ச நீளத்தை 36-இலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். அயர்லாந்தில் 1990-இலிருந்து வணிகத்துக்காகப் பிடிக்கவே தடை. இங்கிலாந்தில் 2024-இல் தூண்டில்காரர்களுக்கு பிப்ரவரி, மார்ச்சில் பிடித்ததை விட்டுவிட வேண்டும், மற்ற மாதங்களில் ஆளுக்கு நாளுக்கு 2 மீன் என்று இருந்தது. எண்ணிக்கை விதி மாறிக்கொண்டே இருப்பது, கிளம்பும் முன் அந்த வருட விதியைப் பார்த்துவிடுங்கள். முள்ளின் கூருக்குக் கீழே பின்னோக்கி நீளும் சிறு முளையைக் குறடால் நசுக்கி விடுவதையும் வீட்டிலேயே செய்துவிடுங்கள்; ஈரப் பாறையில், இருட்டில், நடுங்கும் கையோடு அது நடக்காது.