ஏற்காட்டுப் பூக்களை 3டி-யில் பார்க்க எந்தக் கண்ணாடி?

மே மாதம் ஏற்காடு மலர்க் கண்காட்சியில் இரட்டைப் படம் (இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று) எடுத்து, சேலத்துக்கு வந்து வீட்டில் 3டி-யாகப் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆழம் எந்தக் கண்ணாடியிலும் தெரிந்துவிடும், நிறம்தான் கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். சிவப்பு டாலியா ஒன்றை வைத்தே பார்ப்போம்.

மலிவானது சிவப்பு-சயான் அட்டைக் கண்ணாடி, இடக்கண்ணுக்குச் சிவப்புத் தாள், வலக்கண்ணுக்கு நீலப்பச்சை (சயான்) தாள். எந்த மானிட்டரிலும் பார்க்கலாம், ஆனால் அந்த டாலியா ஒரு கண்ணில் பளிச்சென்றும் இன்னொரு கண்ணில் கறுப்பாகவும் விழும், இரண்டையும் சேர்க்க முடியாமல் மூளை தவிப்பதால் பூ மினுமினுக்கும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். இடக்கண் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிச் சேர்த்தால் அந்தத் தவிப்பு குறையும், கூடவே சிவப்பும் மங்கிப்போகும். எரிக் டுபுவா என்ற ஆய்வாளர் 2001-ல் சொன்ன முறை இதைவிட எவ்வளவோ மேல்: திரை எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி தருகிறது, கண்ணாடி அதில் எவ்வளவை உள்ளே விடுகிறது என்று பார்த்து, அசலுக்கு மிக நெருங்கிய நிறத்தைக் கணக்குப் போட்டு எடுக்கிறது. ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளிலேயே இது இருக்கிறது. அட்டைக் கண்ணாடிதான் கதி என்றால் தயவுசெய்து இதையே பயன்படுத்துங்கள்.

இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடித் திறக்கும் ஷட்டர் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் முழு நிறமும் போகும், 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) திரை என்றால் கண்ணுக்கு நொடிக்கு 60 படம். சிக்கல் வெளிச்சத்தில்தான். பாதி நேரம் மூடியே இருப்பதோடு கண்ணாடிக்குள் இருக்கும் போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) ஒளியைத் தின்றுவிடும், இருட்டினால் நிறமும் வெளிறித் தெரியும். கண்ணாடியிலேயே லேசான பச்சையோ மஞ்சளோ ஏறியிருக்கும், அதனால் டிவியின் வெள்ளையைச் சரிசெய்யும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். நிறம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முன்னால் கண்ணாடியைப் பிடித்து அளக்கலாம்.

என் ஓட்டு, ஒளி அதிரும் விதத்தை வைத்து இரண்டு கண்ணின் படத்தையும் பிரிக்கும் போலரைஸ்டு கண்ணாடிக்குத்தான். இரண்டு கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் ஃபில்டர், டாலியா டாலியாவாகவே தெரியும். டிவியில் ஒரு வரி இடக்கண்ணுக்கு, அடுத்த வரி வலக்கண்ணுக்கு என்று பிரிவதால் மேல்-கீழ்த் தெளிவு பாதியாகும், பூக்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. எல்ஜி 2017 மாடல்களிலிருந்து 3டி-யை விட்டுவிட்டதால் பழைய டிவியைத்தான் தேட வேண்டும். புரொஜக்டர் என்றால் சில்வர் ஸ்கிரீன் (உலோகப் பூச்சுள்ள திரை) கட்டாயம், வெள்ளைச் சுவரில் போலரைசேஷன் கலைந்து இரண்டு படமும் ஒன்றாகக் குழம்பும்.

வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது என்றால் இன்ஃபிடெக் வகை இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் இரண்டு குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து கண்ணுக்கொன்று தரும். தலையைச் சாய்த்தாலும் படம் கலங்காது. ஆனால் இரண்டு கண்ணின் நிறத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தித் திருத்த வேண்டும், கண்ணாடியும் விலை அதிகம். வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.