ஃபாண்டன்ட்: பாக்கெட்டா, மார்ஷ்மெல்லோவா, ஜெலட்டினா?

கேக் மேல போர்வை மாதிரி தேய்ச்சு மூடுற சர்க்கரை மாவுதான் ஃபாண்டன்ட். கடைல ரெடியா விக்கிற பாக்கெட், வீட்டுல மார்ஷ்மெல்லோல செய்றது, ஜெலட்டின்ல செய்றதுன்னு மூணையும் வச்சு கேக் மூடிப் பாத்தாச்சு, அதுவும் சென்னை கசகசப்புல, ஏசி இல்லாத கிச்சன்ல. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கவங்க இதை படிக்கவே வேணாம், எதை போட்டாலும் நிக்கும்.

மார்ஷ்மெல்லோ ருசி தேவலாம். 250 கிராமை ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு மைக்ரோவேவ்ல உருக்கி, கையில டால்டா தடவிக்கிட்டு அரை கிலோ ஐசிங் சுகரை கொஞ்சம் கொஞ்சமா சேத்து சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சா ஆச்சு. ஆனா தேய்ச்சு தூக்குறப்ப தன் கனத்துலயே இழுத்துக்கிட்டு இறங்கும், கரெக்டா கேக் விளிம்புல கிழியும். கப்கேக் மேல வட்டம் வெட்டி வைக்க ஓகே, அவ்ளோதான்.

ஜெலட்டின், லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின் போட்டு செய்றது நல்லா வளையும், ஆனா ஒரு ராத்திரி மூடி வைக்கணும், எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதம். அதவிட, ஜெலட்டின் எலும்பு, தோல்ல இருந்து வர்றது, சுத்த சைவம்னு சொல்லி எக்லெஸ் கேட்ட வீட்டுக்கு இதை எப்படி குடுக்குறது? மார்ஷ்மெல்லோவும் பெரும்பாலும் அதே கதைதான்.

அதனால முழு கேக் மூட என் ஓட்டு பாக்கெட்டுக்கு, பச்சைப் புள்ளி பாத்து வாங்குங்க. காசு கூடதான். கறுப்பு, சிவப்பு மாதிரி அடர் கலர்னா கலர் பாக்கெட்டே வாங்கிடுங்க, ஒருவாட்டி மிச்சம் பிடிக்கிறேன்னு வெள்ளைல கறுப்பு ஜெல் கலர் ஊத்தி பிசைஞ்சேன், அது பபிள்கம் மாதிரி ஆச்சு, என் நகம் ரெண்டு நாளைக்கு கறுப்பு.

எதுவா இருந்தாலும் கை சூட்டுல நல்லா பிசைஞ்சு, கார்ன்ஃப்ளார் லேசா தூவி, ரெண்டு ஒத்த ரூபா காயின் அடுக்குன கனத்துக்கு தேய்ங்க. மாவு அதிகமானாலோ ரொம்ப நேரம் காத்துல கிடந்தாலோ காஞ்சு யானைத்தோல் மாதிரி வெடிக்கும். கேக் 8 இன்ச் அகலம், 4 இன்ச் உயரம்னா ரெண்டு பக்கமும் சேத்து 16 ஆச்சு, கைப்பிடிக்கு ரெண்டு விட்டு 18 இன்ச் வட்டம், ஒரு கிலோ எடுத்து வச்சுக்கங்க.

அடியில விப்பிங் கிரீம் மட்டும் வேணாம், அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு அப்படியே வழுக்கும். சாக்லேட்டையும் கிரீமையும் சேத்து உருக்குற கனாஷ்தான் சரி, டார்க் சாக்லேட்னா ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம், வெள்ளைன்னா மூணுக்கு ஒண்ணு. மிச்ச ஃபாண்டன்டை கிளிங் ராப்ல இறுக்கி சுத்தி டப்பால வெளியவே வைங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா வேர்த்து பிசுபிசுக்கும்.